ஊசி பிடிக்கட்டும் என்று

முடிதிருத்தும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் அக்கா வந்தாள். வீட்டில் அவன் அறையிலிருந்து எடுத்து வந்த மாத்திரை அட்டைகளைக் கண்ணாடிக்கு முன்னால் போட்டாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அவன் கத்தரியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவன் உடம்பில் இருப்பது அவள் கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதை வேற்றாளாக நினைத்து விரட்டிவிடாமல் இருக்கத்தான் அந்த மாத்திரைகள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பவை. அதனாலேயே கொரோனா தடுப்பூசியும் அவனுக்கு அரைகுறையாகத்தான் பிடிக்கும். மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். பூஸ்டர் என்கிற கூடுதல் ஊசி போட்டால் காப்பு கூடும், ஆனால் மற்றவர்களுக்குக் கிடைக்கிற அளவுக்குக் கிடைக்காது. கூட இருப்பவர்களும் போட்டுக்கொண்டால்தான் நல்லது.

அக்கா போட்டுக்கொண்டாள். அவள் புருஷன் மாட்டேன் என்றுவிட்டார். சீக்காளி அவன், ஊசி எனக்கா என்று சாப்பிடும்போது எல்லார் காதிலும் விழும்படி சிரித்தார். இருமும்போது வாயைப் பொத்துவதே தனக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற மனிதர். சிறுநீரகத்தைத் தானே அறுத்துக் கொடுத்ததுபோல் நடந்துகொள்வார். அவரிடம் பேச இவனுக்கு நா எழவில்லை. அதற்குப் பதில் தானாக ஒரு வழி கண்டுபிடித்தான்: மாத்திரையை நிறுத்திவிட்டு பூஸ்டர் போட்டால் ஊசி முழுசாகப் பிடித்துக்கொள்ளும். யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தியும் விட்டான்.

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க உனக்கு வாய் வரல. என் கிட்னிய வெச்சு சூதாட மட்டும் தைரியம் வந்துச்சு."

"நீயும்தான் கேக்கல" என்றான்.

வெளியே ஒரு லாரி பின்னுக்கு வந்து, நின்று, மறுபடி கிளம்பிப் போனது. அக்கா அட்டைகளை அள்ளிப் பையில் போட்டாள்.

அன்றே மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது, சிறுநீரகம் தளர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் தன் வேலை, அவன் வேலையில்லை என்று மருத்துவர் எரிந்து விழுந்தார். மறுபடி தொடங்க வேண்டும். சிறுநீரகம் தாக்குப்பிடிக்குமா என்பதை இப்போதே சொல்ல முடியாது. திரும்பும்போது பேருந்தில் அவன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அக்கா நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை மாமா கடைக்கு வந்து, வரிசையில் இருந்தவரைத் தாண்டி நாற்காலியில் சாய்ந்தார். இவன் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு சோப்பு நுரை பூசினான்.

"என்ன மாப்ள, டாக்டருக்கே வைத்தியம் சொல்லிக் குடுத்தியாமே" என்று சொல்லிவிட்டு அண்ணாந்தபடியே இருமினார்.

இவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"எந்திரிங்க மாமா. ஊசி போட்டுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்கயும் வேணாம், வீட்ல என் ரூம் பக்கமும் வேணாம்."

"யாரு குடுத்த உசுருல நின்னு பேசுற, தெரியுதா?"

"அக்கா குடுத்தது. நீங்க இல்ல."

வரிசையில் இருந்தவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். மாமா அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார் போலும், அவர் சிரிக்கவில்லை. இவன் துண்டை நீட்டினான். மாமா அதை வாங்காமல், நுரை முகத்தோடு தெருவில் இறங்கி நடந்தார்.

இவன் கத்தியை எடுத்தான், மறுபடி வைத்துவிட்டான். காத்திருந்தவரிடம், சவரம் கொஞ்ச நேரம் கழித்துச் செய்யலாமா என்று கேட்டான்.