சாக்பீஸ் கோடு

அப்பாவின் அறையில் குறுக்காகக் கிடந்த சாக்பீஸ் கோட்டை ஜெமிமா தாண்டப் போனபோது, யூனிஸ் அத்தை அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏட்டி, ஏழு மாசப் புள்ளத்தாச்சி நீ. பொணத்துக்கிட்ட போகக் கூடாது.”

விடியற்காலையில் இறந்த அப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கடிகாரமில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்று அம்மா அதையும் கையில் கட்டிவிட்டிருந்தாள். நாலு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் அந்தக் கையை ஒரு தடவை பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஜெமிமாவுக்கு.

கோட்டைப் போட்டதே அப்பாதான். ஐந்து வாரத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் அவருக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, மூன்று மணி நேரம் தண்ணீராகக் குடிக்க வைத்து, பிறகு படம். புற்று பரவிய எலும்பெல்லாம் அதில் கரும்புள்ளியாக விழுந்திருந்தது. முதுகில் எண்ணி மாளவில்லை. அப்பா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கர்ப்பிணிகள் ஒரு நாள் பக்கத்தில் வர வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நூல் மில்லில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்த கிருபைராஜ் அல்லவா! வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோடு போட்டார்.

ஊசி போட்டது காலை பத்து மணிக்கு. மறுநாள் சுவர்க்கடிகாரம் பத்தடித்ததும் ஜெமிமா கோட்டில் கால்விரலை வைத்து நின்றாள். அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு நிமிசம் கெடக்கு தாயி.”

நிற்க வைத்துவிட்டார் மனிதர். அவளுக்குக் கோபமும் வந்தது, அவர்மேல் பிரியமும் பொங்கிக்கொண்டு வந்தது. அதற்கப்புறமும் கோட்டை அழிக்க விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அதைத் தாண்டி வருவதைப் பார்க்க அவருக்கு அத்தனை ஆசை. அம்மா அந்த இடத்தை விட்டுவிட்டே தரையைத் துடைத்தாள்.

“நல்லதுக்குத்தான சொல்லுதேன்,” என்றாள் அத்தை. பிடி தளரவில்லை.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த அம்மா தலை நிமிர்ந்தாள். “அவரு என்னைக்காவது இவளுக்கு ஒரு கெடுதல் வர விட்டிருக்காரா மைனி?”

அத்தை தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்தாள்.

“சரி, போ. பைய உக்காரு. ரெண்டு நிமிசந்தான்.”

ஜெமிமா தாண்டிப் போய் உட்கார்ந்தாள். அப்பாவின் கை சில்லென்றிருந்தது. கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாரைத் தளர்த்தி அதைக் கழற்றி, முள் தெரியாதபடி தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.