லக்சிகாவின் காதுமிசின் கூவுகிறது

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கராயன் போகும் பஸ்ஸில் ஒரு தாய் சொன்னதைக் கேட்டு ஏறிய ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். அவளுக்குப் பத்மாசனி என்று பெயர் வைத்திருக்கிறேன். மகள் லக்சிகா, ஆறு வயது.

2
முதல் தொடக்கம்: வயல்வெளியில் இளங்காற்று... (வெட்டிவிட்டேன். காற்றாம், இளங்காற்றாம்.)

மூன்று வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. காதில் சீழ் வடிந்தபடியே இருந்தது. வளர வளர நின்றுவிடும் என்றார்கள் வீட்டார். தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவராம். பேச்சு வரட்டும் என்று நேர்ந்து பிள்ளையார் கோயிலில் மணி கட்டினார்கள். கட்டிய மணியை அடித்தபோது, நின்ற குஞ்சு குருமான் எல்லாம் திரும்பிப் பார்த்தன. லக்சிகா மட்டும் முதுகைக் காட்டியபடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதுவரை ஒருவருக்காவது பிள்ளைக்குக் காது கேட்குமா என்ற யோசனை வரவில்லை. பத்மாசனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

3
[ஆஸ்பத்திரி அலைச்சல். எழுதிக் கிழித்தேன்.]

காது கேட்பதற்கான மிசினை மாட்டிய பிறகு லக்சிகா மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினாள். பிள்ளை வளர, காதும் வளர்ந்தது. காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்துபோய் மிசின் கூவியது. புது அச்சு கேட்டால் ஆஸ்பத்திரியில் பிறகு வா என்று தவணைக்கு மேல் தவணை சொன்னார்கள். வகுப்பில் கூவியதும் ரீச்சர் அதைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொன்னார். பிறகு, கவனமில்லாத பிள்ளை என்று கடைசி வரிசை வாங்கில் இருத்தினார். காதைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கவனமில்லையாம்!

4
ரீச்சரைக் கொடுமைக்காரியாக்கப் பார்த்தேன். முடியவில்லை. நல்ல மனுசி. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

பத்மாசனி பள்ளிக்கூடம் போனாள்.

"அது கூவினா மற்றப் பிள்ளையள் குழம்புதுகள், அம்மா. அச்சு வந்தாப்பிறகு போடுங்கோவன்" என்றார் ரீச்சர்.

"அதுவரைக்கும் என்ரை பிள்ளை என்னத்தைப் படிக்கிறது, ரீச்சர்?"

பத்மாசனி பைக்குள் கிடந்த மிசினை எடுத்து மகளின் காதில் மாட்டினாள். முன்வரிசை வாங்குக்குக் கூட்டிவந்து, தானும் பக்கத்தில் இருந்தாள். மிசின் கூவியது. பிள்ளைகள் சிரித்தார்கள். லக்சிகா கழற்றக் கையைக் கொண்டுபோனாள். தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

5
முடிவு ஒன்று: ரீச்சர் கண்கலங்கி... (சீ.)
முடிவு இரண்டு: அடுத்த கிழமையே புது அச்சு... (எங்கே வருகிறது?)

முடிவை நான் எழுதமாட்டேன். மிசின் கூவுகிறது. தாய் எழும்பவில்லை. ரீச்சர் கரும்பலகைக்கு முன்னால் வெண்கட்டியும் கையுமாக நிற்கிறார். பாடத்தைத் தொடங்குவதா, இரண்டு பேரையும் வெளியே அனுப்புவதா? நீங்களே சொல்லுங்கள். சொல்லும்போது லக்சிகாவின் முகத்தைப் பார்த்து, அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள்.