சாய மறுத்த வண்டி

வண்டி நிற்க வேண்டுமென்றால் அது கொஞ்சம் சாய வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கதையில் நிறுத்தி விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மோட்டார் சைக்கிளின் பக்க ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு இடது பக்கம் சாய்த்தால், அது தன் பாரத்தை ஸ்டாண்டின் மேல் போட்டுவிட்டு அக்கடாவென்று நிற்கும். சாய்மானம் போதாமல் நட்டுக்குத்தாக நின்றால் போச்சு. ஒருவர் உரசிக்கொண்டு போனால்கூட வலது பக்கம் சரிந்துவிடும்.

அண்ணனின் வண்டி இப்போது நட்டுக்குத்தாகத்தான் நின்றது.

அண்ணன் ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். தங்கை அவன் நெஞ்சுக்கு வருவாள். அம்மா இரண்டு பேருக்கும் ஒரே சோற்றைத்தான் போட்டாள், எங்கே போனது என்று தெரியவில்லை என்று வீட்டில் சிரிப்பார்கள். அவளுக்கு வீட்டுப் பெயர் அரைப்படி. பதினோரு வருஷமாக ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஊரில் அவள் நுழையாத சந்து கிடையாது.

அண்ணன், தொலைதூரப் பயணம் போகும் ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் எட்டு வருஷமாக 'வால்'. வால் என்றால் வரிசையில் கடைசி ஆள். முன்னால் போகிறவர்களில் யார் விழுந்தாலும், யாருடைய வண்டி மக்கர் பண்ணினாலும், வால் நிற்க வேண்டும், இறங்க வேண்டும், தூக்கிவிட வேண்டும். அத்தனை மலையும் ஏறி இறங்கியவன், போன மாதம் சொந்த வீட்டு மாடிப்படியில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டான். தொடை வரை மாவுக்கட்டு.

கூட்டத்தை நடத்துகிறவரைக் கேப்டன் என்பார்கள். வியாழக்கிழமை ஒருநாள் பயணம் இருக்கிறது, அதற்கு ஒரு வாலைக் கொண்டுவாருங்கள், சரியாக வந்தால் இந்த சீசன் முழுக்க அவரே என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"நான் போறேன்," என்றாள் தங்கை.

அண்ணன் கட்டிலிலிருந்தே சிரித்தான். "உன் கால் தரையைத் தொடவே ஒரு ஏணி வேணுமே."

"ஏறத்தான் ஏணி. தொடறதுக்கு அண்ணி இருக்காங்க."

வீட்டுக்குக் கீழே இருக்கிற ஒர்க்‌ஷாப் அண்ணியுடையது. அண்ணனுடைய வண்டியின் வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு ஆணியும் அவளுக்குத் தெரியும். அண்ணன் கடைசியில் ஒத்துக்கொண்டான், ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். "எதை வேணா கழட்டுங்க, எதை வேணா மாட்டுங்க. எதையும் வெட்டக்கூடாது. நான் எழுந்து வரும்போது என் வண்டி எனக்கு அப்படியே வேணும்."

அண்ணி அப்படியே செய்தாள். பின்சக்கரத்தையும் ஷாக் அப்சார்பரையும் சேர்க்கிற இரண்டு தகடுகளைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் நீளமான தகடுகளை மாட்டினாள். பின்பக்கம் பதிந்தது. முன்பக்க ஃபோர்க் குழாய்களைத் தளர்த்தி அதே அளவுக்குத் தாழ்த்தினாள். அண்ணனின் சீட்டைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு சீட்டை வாங்கி வந்து அதன் ஸ்பாஞ்சைச் சீவினாள். மொத்தத்தில் இரண்டரை அங்குலம் இறங்கியது. தங்கை ஏறி உட்கார்ந்தாள். இரண்டு முன்பாதமும் தரையில் பதிந்தன.

"அண்ணி! தொடுது!"

"கத்தாதே. மேல இருக்கற ஆளுக்கு வயிறு எரியும்."

சந்தோஷமாக ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு இறங்கினாள். அண்ணி பாய்ந்து ஹேண்டிலைப் பிடித்திராவிட்டால் இருநூற்று நாற்பது கிலோவும் கருவிப் பெட்டியின் மேல் விழுந்திருக்கும். வண்டி தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது. பிறகு எப்படிச் சாயும்?

"ஒரு அங்குலம் வெட்டணும்," என்றாள் அண்ணி. "புது ஸ்டாண்டு ஆர்டர் போட்டா ஆறு வாரம்."

"வியாழக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு."

அண்ணி மாடிக்குப் போய்க் கேட்டாள். கீழே நின்ற தங்கைக்கு அண்ணனின் குரல் மட்டும் கேட்டது. "அதுல மட்டும் கை வைக்காதே! ஒட்டு போட்ட ஸ்டாண்டு ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் விட்டுடும்!"

இறங்கி வந்த அண்ணி ஒரு கொத்துக் கரண்டியை எடுத்து நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"நிறுத்தற இடத்துல ஒரு குழி தோண்டி ஸ்டாண்டை அதுல இறக்கு. இல்லாட்டி இடது பக்கம் சரிவா இருக்கற இடமா பார்த்து நிறுத்து. கேப்டன்கிட்ட முதல்லயே சொல்லிடு."

"சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டார்."

"அதுக்குத்தான் சொல்லச் சொல்றேன்."

அவள் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது, கண்ணுகளா. மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்ததுதான்.

வியாழக்கிழமை காலை. முன்னால் கேப்டன், நடுவில் நான்கு பேர், கடைசியில் அவள். கிளம்புமுன் கேப்டன் எல்லோர் எதிரிலும் சொன்னார். "வால் வண்டி விழக்கூடாது. நீங்க விழுந்தா வால் தூக்கும். வாலே விழுந்தா யார் தூக்கறது? விழுந்த அன்னிக்கு வேற வால். அது ஒண்ணுதான் என் சட்டம்."

தங்கை தலையை ஆட்டினாள். ஹெல்மெட்டும் சேர்ந்து ஆடியது.

ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. வளைவுகளில் வண்டி வாய்க்கால் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பயமெல்லாம் நிற்பதில்தான். டீக்கடையில் எல்லோரும் வரிசையாக நிறுத்தினார்கள். அவள் மட்டும் இருபதடி தள்ளி, மண்ணில் பூட்ஸ் குதிகாலால் குழி பறித்து, கோணலாக நிறுத்தினாள்.

"என்ன வாலு, புதையல் தேடறியா?" என்றார் பல் டாக்டர். நான்கு பேரில் அவர்தான் பேச்சுக்காரர். ஊசி போடும்போதுகூட வாயை மூட மாட்டார் போல.

"நிழல் பார்த்தேன் சார்."

அங்கே நிழலே இல்லை. கேப்டன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்.

பெட்ரோல் பங்கில் மழமழவென்று சிமெண்டுத் தரை. அவள் இறங்கவே இல்லை. கால் இரண்டையும் ஊன்றி உட்கார்ந்தபடியே டேங்கை நிரப்பிக்கொண்டாள். "கழிவறைக்குப் போகணும்னா போயிட்டு வாம்மா, நிக்கறோம்," என்றார் கேப்டன். "வேண்டாம் சார்," என்றாள். அது எவ்வளவு பெரிய பொய் என்று அவளுக்கும் அவள் அடிவயிற்றுக்கும்தான் தெரியும்.

மத்தியானம் மலையிறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஏழாவது வளைவில் ரோட்டோரச் சரளைக்கல் சிதறிக் கிடந்தது. பல் டாக்டரின் வண்டி அதில் ஏறியதைப் பார்த்தாள். பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது. அடுத்த நொடி டாக்டரும் வண்டியும் ரோட்டில் இழுபட்டுப் போய்க் கிடந்தார்கள். மற்றவர்கள் வளைவு திரும்பிப் போய்விட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை.

"கால்! கால்! சைலென்சர் எரிக்குது!"

வண்டி அவர் காலின் மேல் கிடந்தது. சூடேறிய குழாய் கணுக்காலுக்கு மேலே அழுந்தியிருந்தது. அவள் பிரேக் போட்டு நின்றாள். ஸ்டாண்டைக் காலால் தள்ளினாள். ரோடு வலப்பக்கம் சரிந்திருந்தது. இறங்கிக் கையை விட்டால் வண்டி வலப்பக்கமாக நடுரோட்டில் சரியும். சாய்த்து வைக்கப் பாறை ரோட்டுக்கு அந்தப் பக்கம். இடது பக்கம் சரிவான தரை எங்கே என்று கண் தேடியது. முன்னால் இல்லை. பின்னால் இல்லை. கரண்டி சட்டைப் பையில் இருந்தது, தாரைத் தோண்ட முடியுமா? மேலே எங்கேயோ ஒரு லாரி கியர் மாற்றி இறங்குகிற சத்தம் கேட்டது.

"அம்மா... சீக்கிரம்மா!"

பேச்சுக்காரர் அம்மா என்று கூப்பிட்டதும் அவளுக்குத் தேடுவது நின்றுபோனது. எச்சரிக்கை விளக்குகளைப் போட்டாள். ஸ்டாண்டை மடக்கிவிட்டு வண்டியை இடது பக்கம் சாய்த்தாள். தொடை தாங்குகிற மட்டும் தாங்கி, தூங்குகிற குழந்தையை இறக்குகிற மாதிரி அதை ரோட்டில் படுக்கவைத்தாள். பக்கத்தில் மாட்டியிருந்த சாமான் பெட்டி தரையில் உரசியது. கிளட்ச் லீவர் மடங்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

டாக்டரின் வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் கொடுத்து, இரண்டு கையாலும் கீழே பிடித்து, குதிகாலால் ரோட்டை உதைத்தாள். முதல் தடவை அசையவில்லை. இரண்டாவது தடவை ஒரு சாண் எழுந்தது.

"இழுங்க சார்!"

"முடியல—"

"என் கால் வழுக்குது, இழுங்கன்னா!"

அவர் இழுத்துக்கொண்டார். அவள் விட்டாள். வண்டி மறுபடி தொப்பென்று விழுந்தது. லாரி, படுத்துக் கிடந்த வால் வண்டியின் மினுக்கும் விளக்கைப் பார்த்துப் பத்தடிக்கு அப்பால் நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, இந்த வண்டிக்குப் படுக்க வேற இடம் கிடைக்கலையா?" என்றார். பிறகு டாக்டரைப் பார்த்ததும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

கேப்டன் திரும்பி வந்தபோது டாக்டர் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோல் கருகியிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, மேலே நடந்து போய், வால் வண்டியை ஒற்றை ஆளாகத் தூக்கினார். ரோடு சமமாக இருந்த இடத்துக்கு உருட்டி வந்து ஸ்டாண்டில் விட்டார். வண்டி நின்றது. பிறகு, யாரோ கூப்பிட்ட மாதிரி, மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. கேப்டன் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப இருந்து இப்படி?"

"திங்கட்கிழமையில இருந்து சார்."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அண்ணிக்கு?"

"தெரியும்."

"ஆக, எனக்கு மட்டும்தான் தெரியாது." குரலை அவர் உயர்த்தவில்லை, அதுதான் சுட்டது. "உன்னை நம்பி நாலு பேர் முன்னால போறாங்க. தெரிஞ்சேதானே வந்தே?"

அவள் தலை குனிந்தாள்.

"வால் விழுந்தா வேற வால்னு சொன்னேன்."

"விழல கேப்டன்," என்றார் பல் டாக்டர் தரையிலிருந்து. "படுக்க வச்சாங்க. நானும் படுத்துக்கிட்டுதானே இருந்தேன், நல்லா தெரிஞ்சுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. கேப்டன் வண்டியைப் பிடித்தபடியே குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. என் ஷெட்டு சிமெண்டுத் தரையில இது தானா நிக்கணும். நின்னா நீ வால். இல்லாட்டி வேற ஆள் பார்த்துக்கறேன்."

சனிக்கிழமை மத்தியானம் வரை அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கிளட்ச் லீவரை அண்ணி மாற்றிவிட்டாள். பெட்டியின் கீறலை மாற்ற முடியாது. தங்கை சோற்றுத் தட்டைக் கட்டிலருகே வைத்தபோதுதான் கேட்டான்.

"வண்டியைப் போட்டுட்டே இல்ல?"

"போடல. படுக்க வச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லண்ணா. உனக்கே தெரியும்."

அண்ணி வாசற்படியில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு அங்குலம்ங்க. வெட்டி, பாதத்தைத் திருப்பி வச்சு நான் பத்த வைக்கறேன். என் ஒட்டு எப்ப விட்டிருக்கு?"

"ஒட்டு விடாதுன்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அண்ணி உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எலும்பு டாக்டர் உங்ககிட்ட தனியா சொன்னாரே, அதை என்கிட்டயும் தனியா சொன்னார். அந்த முட்டி முன்ன மாதிரி மடங்காதுன்னு. நீங்களா சொல்லுவீங்கன்னு நானும் ஒரு மாசமா பார்க்கறேன்."

தங்கைக்குத் தட்டைப் பார்ப்பதா அண்ணனைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. அவளுக்கு இது புதுசு.

"அதை வெட்டிட்டா," என்றான் அண்ணன் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "வெட்டியாச்சுன்னு ஆயிடும். அப்புறம் அது என் வண்டி இல்ல."

தட்டிலேயே கை கழுவினான். பிறகு, "அந்த அக்குள் கட்டைங்களை எடு," என்றான்.

விழுந்த அதே மாடிப்படி. இரண்டு அக்குள் கட்டையும் மாவுக்கட்டுக் காலுமாக, பதினாறு படி. முன்னால் அண்ணி பின்பக்கமாகவே இறங்கினாள், பின்னால் தங்கை அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவது படியில் கட்டை வழுக்கியது. "பெல்ட்டை விட்டுடாதே அரைப்படி," என்றான் மெதுவாக. "விடல," என்றாள். மீதிப் பத்துப் படியையும் அவன் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினான்.

கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, கழற்றிய ஸ்டாண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். தங்கையை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னான். அண்ணியிடம் வண்டியைச் சாய்க்கச் சொன்னான். இன்னும் கொஞ்சம், போதும், இல்லை கொஞ்சம் குறை. தரைக்கும் வண்டிக்கும் இருந்த இடைவெளியை அளந்து சாக்குக்கட்டியால் ஸ்டாண்டில் ஒரு கோடு போட்டான்.

"ஒரு அங்குலம் இல்ல, முக்கால்தான். கேப்டன் ஷெட்டுத் தரை வாசல் பக்கம் லேசா சாயும். எட்டு வருஷம் நிறுத்தியிருக்கேன்."

அண்ணி ரம்பத்தை எடுத்தாள். அவன் கையை நீட்டினான், அவள் கொடுத்தாள். வெட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. அண்ணி பத்த வைத்து, ஆறவிட்டு, தேய்த்து மாட்டும்போது தெருவில் வெயில் தாழ்ந்திருந்தது.

தங்கை ஸ்டாண்டைத் தள்ளி, வண்டியை இடது பக்கம் சாய்த்து இறங்கினாள். சிமெண்டுத் தரை. ஒரு கை ஹேண்டிலிலேயே இருந்தது.

"கையை எடு," என்றான் அண்ணன்.

"இரு..."

"எடுன்னா."

எடுத்தாள். வண்டி சாய்ந்து நின்றது. அண்ணன் அக்குள் கட்டையை நீட்டி இடது பக்கத்திலிருந்து டேங்கை ஒரு தடவை நெட்டினான். கொஞ்சம் அசைந்து, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. இன்னும் பலமாக நெட்டினான். அப்போதும் நின்றது.

"ஏழு மணின்னா ஆறரைக்கே போய் நில்லு," என்றான். "அந்தக் கரண்டியை வீட்டுல வச்சுட்டுப் போ."