ஒத்தீலியா சொல்லிக்கொடுத்த அடி

பதினேழு வருஷம் மல்யுத்த மேடையில் நான் கெட்டவனாக இருந்தேன். நடுவர் திரும்பி நிற்கும்போது எதிராளியின் கண்ணில் விரலை விடுவது, விழுந்தவனை நாற்காலியால் அடிப்பது, இதுதான் வேலை. ஜனங்கள் என் மேல் காறித் துப்புவார்கள். காகிதக் கோப்பையில் மூத்திரத்தைப் பிடித்து எறிவார்கள். முழங்கால் போன பிறகு மேடையை விட்டேன். சாத்தான் வேஷத்துக்கு ஆள் தேவை என்று டைரக்டர் நிக்கானோர் கூப்பிட்டபோது உடனே போனேன். என் பெயர் எவாரிஸ்தோ. அந்தப் படத்தில் எனக்குப் பெயர் கிடையாது. ஆட்டுக்கொம்பும் கறுப்பு மையும்தான்.

நிக்கானோர் மூன்று வாரத்தில் ஒரு படம் எடுக்கிற ஆள். பேய் பிடித்த கன்னியாஸ்திரீகள் அவருடைய சரக்கு. எழுபத்தாறாம் வருஷம் ஆப்பான் சமவெளியில் கூரை இடிந்துபோன ஒரு பழைய பண்ணைக் கோயிலைப் பிடித்தார். படத்துக்கு 'சான் லசாரோ மடத்துச் சாத்தான்' என்று பெயர் வைத்தார். கதையில் மடத்துத் தலைவிக்குள் சாத்தான் புகுந்துவிடும். அவள் இளம் கன்னியரைத் தூணில் கட்டி வைத்து அடிப்பாள். பீடத்துக்குப் பின்னாலிருந்து நான் எழுந்து வந்து சிரிக்க வேண்டும்.

தலைவியாக நடித்தவர் அம்பாரோ. ஒரு காலத்தில் தலைநகரத்து நாடக மேடையில் பெரிய பேர். அடிவாங்கும் பெண்ணாக நடித்தவள் நீடியா. அவளுக்கு அது முதல் படம், பத்தொன்பது வயசு. வரிசையில் மெழுகுவத்தி பிடித்து நிற்கும் கன்னியர்களுக்கு ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் ஒத்தீலியா.

ஒத்தீலியாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டை அறுத்து, கற்றாழை மடலில் சுற்றி, குழி அடுப்பில் வேகவைத்து விற்பவள். அவள் முன்கை என் முன்கையை விடக் கனம். எங்களுக்குச் சாப்பாடும் அவள்தான் போட்டாள். கொம்போடு நான் வரிசையில் நின்றால் கரண்டியைத் தட்டுவாள்.

"ஏய் சாத்தான், வாலைச் சுருட்டிக்கிட்டு உக்காரு. சாப்பாட்டுல விழுது."

"கொஞ்சம் கொழுப்பா வையி அக்கா. நரகத்துல ஒரே பட்டினி."

"நரகத்துல எரியறதுக்குக் கொழுப்பு வேணும்தான். இந்தா."

அவள் சிறுவயதில் அநாதை. பதினாலு வயசு வரை கன்னியர் மடத்தில் வளர்ந்தாள் என்பது எங்களுக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. கம்பளிக் கயிற்றைச் சிவப்புச் சாயத்தில் நனைத்து அடிக்கும் காட்சியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்பாரோ கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி அடித்தார். வரிசையிலிருந்து ஒத்தீலியா சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் நிக்கானோர்.

"இல்ல சார். ஜமுக்காளம் தட்டுற மாதிரி இருக்கு. எங்க மதர் ப்ருதென்சியா கையைத் தோளுக்கு மேல தூக்கவே மாட்டா. பக்கவாட்டுல வீசுவா. அப்பத்தான் முடிச்சு விலாவுல சுத்திக்கிட்டு உள்ள இறங்கும். அடிக்கறதுக்கு முந்தி கயித்தை ஒருக்கா உள்ளங்கையில இழுத்துப் பார்ப்பா. அந்தச் சத்தத்துலயே எங்களுக்கு ஒண்ணுக்குப் போயிடும்."

நிக்கானோருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வா வா, இங்க வந்து காட்டு."

மாவு மூட்டை ஒன்றைத் தூணில் கட்டினார்கள். ஒத்தீலியா கயிற்றை வாங்கி உள்ளங்கையில் ஒருமுறை இழுத்தாள். பிறகு வீசினாள். மூன்றாவது வீச்சில் மூட்டை கிழிந்து மாவு கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். நெற்றியில் மாவோடு, வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அம்பாரோவுக்கு அவள்தான் வாத்தியார். இடுப்பை எப்படித் திருப்பணும், அடிக்கும்போது வாய்க்குள் எப்படி ஜெபம் சொல்லணும், அடிவாங்குகிறவளை எப்படிச் சத்தமாக எண்ணச் சொல்லணும், எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். அம்பாரோ நல்ல நடிகை. இரண்டே நாளில் அப்படியே பிடித்துக்கொண்டார்.

அந்தக் காட்சியை எடுத்தது வியாழக்கிழமை காலை. இடிந்த கூரை வழியாக வெளிச்சம் தூண் மேல் சரியாக விழும் நேரம். முதல் இரண்டு முறையும் நிக்கானோருக்குத் திருப்தி இல்லை. அம்பாரோவின் அடி பிரமாதம், நீடியாவின் அலறல்தான் பொய்யாக இருந்தது. பல் வலிக்காரி மாதிரி முனகினாள்.

நான் பீடத்துக்குப் பின்னால் குந்தியிருந்தேன். சாமான் பெட்டியும் அங்கேதான் இருந்தது. நிக்கானோர் வந்து பெட்டியைத் திறந்தார். கம்பளிக் கயிற்றை உள்ளே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். கற்றாழை நாரில் முறுக்கி ஐந்து முடிச்சு போட்ட நிஜக் கயிறு. சுவரில் மாட்டி வைக்க வாங்கியது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். உதட்டில் விரல் வைத்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படத்திலும் எனக்கு வேஷம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுதான் காரணம், வேறு காரணம் தேடினால் பொய்.

கயிறு கைக்கு வந்ததும் அம்பாரோ அதன் கனத்தைப் பார்த்தார், பிறகு நிக்கானோரைப் பார்த்தார். "ஒரே ஒரு டேக் அம்மா," என்றார் அவர். கேமரா ஓட ஆரம்பித்தது.

அம்பாரோ கயிற்றை உள்ளங்கையில் இழுத்தார். இடுப்பைத் திருப்பி, பக்கவாட்டில் வீசினார்.

முதல் அடியில் நீடியா அலறவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது அடி விலாவைச் சுற்றிக்கொண்டு போய் மார்புக்குக் கீழே முடிச்சு இறங்கியது. அப்போது வந்த சத்தத்தை மேடையில் பதினேழு வருஷத்தில் இரண்டே முறைதான் கேட்டிருக்கிறேன், இரண்டுமே எலும்பு முறிந்தபோது. மூன்றாவது அடியில் அங்கி கிழிந்தது. நாங்கள் பூசுகிற சோளப்பாகு ரத்தம் மெதுவாக வழியும். இது வேகமாக ஓடியது, நிறமும் வேறு. நிக்கானோர் கையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார், மேலே மேலே என்று.

"எண்ணு," என்றார் அம்பாரோ. அது வசனம். "சத்தமா எண்ணு."

"அக்கா, நிஜமா அடிக்கிறாங்க," என்றாள் நீடியா. அது வசனம் இல்லை. அவள் யாரை அக்கா என்று கூப்பிட்டாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒத்தீலியா வரிசையில் நாலாவதாக நின்றிருந்தாள். அவள் கையில் இருந்தது பித்தளை மெழுகுவத்தித் தண்டு. மெழுகுவத்தியைக் குத்தி நிறுத்த உச்சியில் விரல் நீளத்துக்கு ஒரு முள் உண்டு. அவள் ஓடவில்லை. வேலைக்குப் போகிறவள் மாதிரி நாலு எட்டு நடந்தாள். மெழுகுவத்தி கீழே விழுந்தது. தண்டை இரண்டு கையாலும் பிடித்து அம்பாரோவின் தோளில் இறக்கினாள். காறை எலும்பு முறிந்த சத்தம் பீடத்துக்குப் பின்னால் எனக்குக் கேட்டது.

அம்பாரோ முட்டிபோட்டு விழுந்தார். ஒத்தீலியா தண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கயிற்றைப் பிடுங்கினாள்.

"எண்ணு மதர்," என்றாள். "இப்ப நீ எண்ணு."

பக்கவாட்டில் வீசினாள். கழுத்திலும் காதிலும் பட்டது. அம்பாரோவின் காது மடல் கிழிந்து தொங்கியது. மற்ற பதினோரு பெண்களும் அசையாமல் நின்றார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி மூடவில்லை. அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ஒண்ணுன்னு சொல்லு. எனக்கு ஒன்பது வயசு. ஒரு ரொட்டிக்காக எத்தனை எண்ண வச்ச? சொல்லு."

நாலு, ஐந்து, ஆறு. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிக்கானோர் நாற்காலியின் விளிம்பில் இரண்டு கையையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சினிமா பார்க்கிறவர் போல.

அப்புறம்தான் எனக்குக் கால் வந்தது. பீடத்தைத் தாண்டிக் குதித்தேன். முழங்கால் மடங்கியது. கொம்போடும் வாலோடும் உருண்டு போய் அம்பாரோவின் மேல் கவிழ்ந்து படுத்தேன்.

ஒத்தீலியா நிறுத்துவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் பார்த்தது மதர் ப்ருதென்சியாவைக் காக்க வந்த கறுப்புச் சாத்தானை. "நீயும் கூட்டா?" என்றாள். கயிறு என் முதுகில் இறங்கியது. அடிவாங்கத் தெரிந்தவன் நான். மூச்சை விட்டு, தசையைத் தளர்த்தி, எண்ணாமல் இருந்தால் போதும். ஆனாலும் ஏழாவதில் சதை கிழிந்தது. மையும் ரத்தமுமாக முதுகு எரிந்தது. அவள் கயிற்றைப் போட்டுவிட்டுத் தண்டால் அடிக்க ஆரம்பித்தாள். ஒரு கொம்பு உடைந்து பறந்தது. விலாவில் ஏதோ பொறிந்தது.

"அக்கா, நான்தான். எவாரிஸ்தோ," என்று சொல்ல முகத்தைத் திருப்பினேன். திருப்பியிருக்கக் கூடாது. அந்த முள் என் இடது கண்ணில் இறங்கியது.

அந்த நேரம் படச்சுருள் தீர்ந்துபோனது. கேமராவுக்குள் அறுந்த முனை டக் டக்கென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் ஒத்தீலியா கையை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தாள். தண்டின் உச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

நிக்கானோர் அப்போதுதான் "கட்" என்றார்.

போலீஸ் வரவில்லை. போலீஸ் வந்தால் கயிறு மாறிய கதையும் வெளியே வரும் என்பது நிக்கானோருக்குத் தெரியும். கொம்பு குத்திவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார். அம்பாரோவும் வாயைத் திறக்கவில்லை. தோளில் கட்டோடு வண்டியில் ஏறும்போது என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "கனம் தெரிஞ்சுது எனக்கு. தெரிஞ்சேதான் வீசினேன்." நீடியா முதுகுக் கட்டுக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள். அவளை நான் திரும்பப் பார்க்கவில்லை.

கண்ணை எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் ஒத்தீலியா வந்தாள். பாத்திரத்தில் ஆட்டுச் சாறும், துணியில் சுற்றிய சோள ரொட்டியும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தானே ஊட்டினாள்.

"உன் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது தம்பி," என்றாள். "அந்தப் பொம்பளையைக் கூட நான் பார்க்கல, எங்க மதரைத்தான் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்தது, அது அப்படியே திரும்பி வந்துச்சு பாரு. என் கையாலயே செஞ்சு குடுத்துட்டேன்னு ஆயிடுச்சு."

அவள் அழுதாள். அவள் அழ, நான் சாறு குடிக்க, எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ செஞ்சது இல்ல அக்கா. கயித்தை மாத்துனது டைரக்டர். நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்தேன்."

கரண்டி நின்றது. "எப்ப பார்த்த?"

"எடுக்கறதுக்கு முந்தி."

"முந்தியா."

"ஆமா."

என் மிச்சக் கண்ணையே வெகுநேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள், மூடினாள், ரொட்டித் துணியை முடிந்தாள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு முடிந்ததும் படம் வந்தது. நிக்கானோர் கதையையே மாற்றியிருந்தார். ஒரு சாதாரணக் கன்னியாஸ்திரீ தெய்வ ஆவேசம் வந்து சாத்தானை அடித்துக் கண்ணைக் குத்துகிறாள், மடம் பிழைக்கிறது. ஆப்பானில் பாதிரியார் மூன்று ஞாயிறு தொடர்ந்து பிரசங்கத்தில் இந்தப் படத்தைத் திட்டினார். நாலாவது ஞாயிறு மாலைக் காட்சிக்கு நான் போனபோது உட்கார இடமில்லை. பூசை முடிந்த கையோடு கறுப்பு முக்காடும் ஜெபமாலையுமாகப் பெண்கள் வந்திருந்தார்கள். பூசணி விதை கொறித்தார்கள். தூணில் கட்டும் காட்சி வந்ததும் கொறிப்பது நின்றது.

எனக்கு முன்வரிசையில் ஒத்தீலியா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள்.

நீடியாவின் முதுகை நிக்கானோர் திரும்பத் திரும்பக் காட்டினார். அதே மூன்று அடியை ஒன்பதாக வெட்டி ஒட்டியிருந்தார். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டே பார்த்தார்கள், ஒருத்தியும் முகத்தைத் திருப்பவில்லை. நானும் திருப்பவில்லை. பிறகு ஒத்தீலியா திரையில் வரிசையை விட்டு வெளியே வந்தாள். அரங்கம் எழுந்து நின்றது. "குடு, நல்லா குடு," என்று கிழவிகள் கத்தினார்கள். நான் பாய்ந்து வந்து விழுந்ததும் செருப்பு ஒன்று திரையில் என் முகத்தில் பட்டது. எத்தனையோ ஊரில் அடிவாங்கியிருக்கிறேன், நான் அடிவாங்கி ஜனங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

ஒத்தீலியா எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மெலிந்த பெண்ணும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் யாரிடம் என்றில்லாமல், திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அடிச்சு முடிச்சப்புறம் உப்புத் தண்ணி ஊத்துவாங்க. அதை மட்டும் காட்டல."

ஒத்தீலியா அவள் பக்கம் திரும்பினாள்.

"எந்த மடம்?"

"துலான்சிங்கோ பக்கம். ஆறு வருஷம் இருந்தேன்."

"யாரு ஊத்துவா?"

"சமையக்கட்டு சிஸ்டர் ஒருத்தி. மீசை இருக்கும் அவளுக்கு."

"எங்ககிட்ட வெறும் தண்ணிதான். ஆனா மார்கழிக் குளுருல. சொல்லு, உன் பேரென்ன?"

திரையில் என் கண்ணை முள் குத்திக்கொண்டிருந்தது. இருவரும் பார்க்கவில்லை. தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் அதட்டினார், "ஏம்மா, படம் பார்க்க விடுங்க." ஒத்தீலியா தன் பையிலிருந்து ஒரு பிடி பூசணி விதையை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் போட்டாள். மேலே சொல்லு என்று தலையை ஆட்டினாள். விளக்கு போட்ட பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நான் வெளியே வந்துவிட்டேன்.