தோராவின் பச்சை ஜெல்லி

டன்ஹோமில் யார் செத்தாலும் ஊர் மண்டபத்தில் சாப்பாடு உண்டு. அது எப்படி வந்து சேர்கிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. தோரா லிண்ட்விக் போன் செய்வாள், அவ்வளவுதான். முடியுமா என்று கேட்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. "ஒலேனா, நீ பன்னு சுட்டுக் கொண்டா. ரெண்டு மணிக்குள்ள வந்துரணும்" என்பாள். மறுமுனை வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுவாள். இவள் யார் எனக்கு உத்தரவு போட என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தந்த வீட்டில் மாவு பிசைவார்கள்.

இந்த முறை செத்தது தோராவே. அறுவடை முடிந்த வாரம் பார்த்துச் செத்தாள். கோதுமை வயலில் நிற்கும்போது ஊரைச் சிரமப்படுத்துகிற ஆளா அவள் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

பக்கத்துப் பண்ணை பெர்னிஸ் மண்டபத்துச் சமையலறையில் காப்பிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தாள். தோராவுக்கு நாற்பது வருட சிநேகிதி. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். போன வாரம் ஆஸ்பத்திரியில் தோரா அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். "என்னை வழியனுப்ப வர்றவன் ஒருத்தனும் பசியோட வீட்டுக்குப் போகக் கூடாது. நீ பாத்துக்கடி." பெர்னிஸ் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஒலேனா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். கிண்ணத்தில் பச்சை ஜெல்லி நடுங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சை ஜெல்லி; அதற்குள் துருவிய கேரட், முட்டைக்கோஸ்; மேலே ஒரு கை மயோனைஸ். எந்த விசேஷம் ஆனாலும் தோரா தன் பங்குக்குக் கொண்டுவருவது இதைத்தான். ஊரே வாய் நிறையப் புகழும், யாரும் இரண்டாவது கரண்டி எடுக்க மாட்டார்கள்.

"அவ ஞாபகமா இருக்கட்டுமேன்னு செஞ்சேன்," என்றாள் ஒலேனா.

பெர்னிஸ் திரும்பிப் பார்த்தாள். மேசையில் ஏற்கெனவே ஒரு பச்சைக் கிண்ணம் இருந்தது. அது அவளே கொண்டுவந்தது.

"பன்னு எங்க ஒலேனா? எப்பவும் நீதானே பன்னு?"

"போன் வரும் வரும்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். வரவே இல்ல."

"யாரு பண்ணுவான்னு நெனச்ச?"

"யாரு, தோராதான்..." என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து மிர்ட்டில் வந்தாள், பச்சைக் கிண்ணத்தோடு. அவள் பின்னால் இரண்டு மருமகள்கள், ஆளுக்கொன்று. பிரார்த்தனை மணி அடிக்கும்போது நீள மேசை முழுக்கப் பச்சையாக நடுங்கியது. ஒரு துண்டு ரொட்டி இல்லை, இறைச்சி இல்லை. எதிரே தேவாலயத்தில் மூன்று ஊர் ஜனம் உட்கார்ந்திருந்தது. பெர்னிஸ் சுவரில் தொங்கிய போனை எடுத்தாள். எடுத்த பிறகுதான் உறைத்தது: எந்த வீட்டில் எடுப்பார்கள்? ஊர் மொத்தமும் தேவாலயத்தில் அல்லவா இருக்கிறது. ஏப்ரனைக் கழற்றாமலே தெருவைத் தாண்டி ஓடினாள்.

உள்ளே ஊர்க்காரன் ஹார்லன் தோராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "காத்துல மண்டபத்துக் கூரை பிச்சுக்கிட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? ஏணிக்குக் கீழ ஆப்பிள் பை சுட்டு வெச்சுக்கிட்டு நின்னா. ஆணி அடிச்சு முடிச்சாத்தான் பைன்னுட்டா. எனக்கு உயரம்னாலே நடுக்கம். நானும் ஏறினேன்." ஜனம் சிரித்தது.

"வேற யாராச்சும் தோராவைப் பத்திச் சொல்றீங்களா?" என்று போதகர் கேட்டார்.

பெர்னிஸ் கையைத் தூக்கினாள். எல்லாத் தலையும் திரும்பியது. "மன்னிச்சுக்கங்க..." என்று ஆரம்பித்தாள். தோரா எப்போதாவது மன்னிப்பா கேட்டாள்? தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஹார்லன், உன் ஃப்ரீசர்ல மான்கறி சாசேஜ் கெடக்கு. மொத்தத்தையும் எடுத்துட்டு வா."

ஹார்லன் வாயைப் பிளந்தான்.

"மெல்வின், கடையைத் தொறந்து ரொட்டி அலமாரியைக் காலி பண்ணுங்க. ஒலேனா, நீ பிடிச்சு வெச்சிருக்கற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, அந்தப் பீரோகி அத்தனையும் வரணும்."

"அது சந்தையில விக்கறதுக்குடி..."

"அடுப்புல தண்ணி வெச்சாச்சு. போதகரே, நீங்க இன்னும் ரெண்டு பாட்டு சேத்துப் பாடுங்க. அது கொதிக்க நேரம் வேணும்."

சொன்ன வேகத்தில் பெர்னிஸ் உட்கார்ந்துவிட்டாள், தோரா போனை வைக்கிற மாதிரி.

முன் வரிசையில் தோராவின் கணவர் ஆர்விட்டின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு கூட்டமே சிரித்தது. சிரிக்கும்போதே பலர் கைக்குட்டையைத் தேடினார்கள். ஹார்லன் முணுமுணுத்துக்கொண்டே வண்டிச் சாவியைத் துழாவினான்.

மண்டபத்தில் இலவசம் என்றதும் கூடுகிற பசியோடு ஜனம் பீரோகியை ஒரு கை பார்த்தது. குழந்தைகள் சாசேஜுக்கு மூன்றாம் முறை வரிசையில் நின்றன. ஜெல்லிப் பக்கம் மட்டும் ஈ காக்கை இல்லை.

பெர்னிஸ் ஆர்விட்டுக்கு ஒரு தட்டு நிறையக் கொண்டுபோனாள்.

"பச்சை எங்கம்மா?" என்றார் அவர்.

"வேணுமா உங்களுக்கு?"

"ஐயோ, வேண்டாம். சும்மா கேட்டேன். தோராவே அதை ஒரு வாய் சாப்பிட்டதில்ல, தெரியுமா? சோப்பைத் தின்ன மாதிரி இருக்குன்னுவா."

"அப்புறம் ஏன் நாப்பது வருஷமா செஞ்சா?"

"கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசுல, ஏதோ விருந்துக்குச் செஞ்சு எடுத்துட்டு வந்தா. ஒருத்தி ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். வீட்டுக்கு வந்து குதிச்சா. இந்த ஊர்ல எனக்கு ஒரு சிநேகிதி கெடைச்சுட்டா, அவளுக்கு இதுன்னா உயிருன்னு. அதுக்கப்புறம் ஒரு விசேஷத்துக்குக்கூட விட்டதில்ல. அந்தப் பொண்ணு ஏமாந்துரக் கூடாதாம்."

பெர்னிஸுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. புது மணப்பெண் யாரும் மறுபடி தொடாத கிண்ணத்துக்குப் பக்கத்தில், கரண்டியைப் பிடித்தபடி தனியாக நின்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் பெர்னிஸ் போய், இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று தட்டை நீட்டினாள்.

இப்போது பெர்னிஸ் நேரே மேசைக்குப் போனாள். தட்டில் ஒரு கரண்டி பச்சை ஜெல்லி போட்டு, நின்ற இடத்திலேயே சாப்பிட்டு முடித்தாள். சோப்புதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.