நாலாம் பாகத்துக்காரி

கொழுந்தியாள் இஸ்திரி போட்ட சட்டையோடு அறை வாசலில் வந்து நின்றபோது, அவர் மனைவியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தார்.

“மாமா, இதைப் போட்டுக்கங்க. ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க.”

“ஒரு நிமிஷம்மா.”

“யாருக்குச் சொல்றீங்க? சொந்தக்காரங்க எல்லாருக்கும் அண்ணன் பேசிட்டாரு.”

“இவங்க சொந்தக்காரங்க இல்ல. அவளோட குரூப்பு.”

“எது, அந்த ஆட்டுக்குட்டி விளையாட்டா?” அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “அக்கா அங்க கிடக்கறா. இந்த நேரத்துல அது ரொம்ப முக்கியமா மாமா?”

அவர் அடுத்த எழுத்தைத் தேடினார். அவள் சட்டையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு மூக்கை உறிஞ்சியபடி போய்விட்டாள்.

முக்கியம்தான். விடிவதற்கு முன்னால் நெஞ்சு என்னவோ செய்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவளுக்குத் தண்ணீர் எடுத்துவரச் சமையலறைக்குப் போனார்; திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் வண்டி வந்துவிடும். அதன்பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். அமைதியான பொண்ணு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லை. இருக்கிற இடம் தெரியாது.

யாரைச் சொல்கிறார்கள் என்றே அவருக்கு விளங்கவில்லை. மருந்துக்கடை கவுன்டரில் பகல் முழுக்க வாயைத் திறக்காமல் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் வேண்டுமானால் அப்படி இருந்திருக்கலாம். வீட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் வேறு ஆள். அந்த ஆளைத் தெரிந்தவர்களில் ஒருவராவது, அவளை எடுத்துக்கொண்டு போவதற்குள், அவள் போய்விட்டாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

டிவியில் ஆடுகிற பழைய வீடியோ விளையாட்டு அது. ஒற்றைக் கொம்பு ஆட்டுக்குட்டி ஒன்று பாறைக்குப் பாறை தாவி மலை ஏறும், அவ்வளவுதான் கதை. முதல் மூன்று பாகங்களை உலகமே தலையில் வைத்துக் கொண்டாடியது. நாலாம் பாகத்தை அதே உலகம் காறித் துப்பியது. காரணம், முதல் மூன்றில் ஆடு ஒரு தடவை தாவிவிட்டால் தாவியதுதான். தப்பான பக்கம் போனால் பள்ளம். நாலில் மட்டும் நடுவானத்தில் ஒரே ஒரு தடவை திரும்பலாம். அதோடு கம்பெனி கடையைக் கட்டியது. இப்போது வேறு யாரோ உரிமையை வாங்கி முதல் பாகத்தைப் புதிதாகச் செய்கிறார்களாம். அதில் ஆடு நடுவானத்தில் திரும்பலாமா கூடாதா என்று குரூப்பில் அடிதடி. ஊரே ஒரு பக்கம், திரும்பலாம் என்று நாலாம் பாகத்துக்காக இவள் ஒருத்தி ஒரு பக்கம். குரூப்பில் அவள் பெயரே ‘நாலக்கா’.

“இன்னிக்கு என் எதிரி என்ன சொன்னான் தெரியுமா?” என்றுதான் தினமும் சாப்பாட்டுப் பேச்சு தொடங்கும். எதிரியின் பெயர் குரூப்பில் ‘ஒரிஜினல்’. எதையும் தொடக்கூடாது, பழையது பழையபடியே இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. “குதிக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணுமாம். துரை சொல்றாரு. எல்லாரும் யோசிச்சுட்டுத்தான்யா குதிக்கறோம். யோசிச்சது தப்புன்னு பாதி வழியிலதான தெரியுது?” என்று தட்டில் கரண்டியால் ஒரு போடு போடுவாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மோட்டார் இரைச்சல் கேட்ட காதுக்கு அவள் சத்தம் இதமாக இருக்கும். ம் கொட்டிக்கொண்டே சாப்பிடுவார். பாதி காதில் விழும், பாதி விழாது.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தார். ‘இந்த போனுக்கு உரியவர் இன்று விடியற்காலை காலமாகிவிட்டார். இப்படிக்கு அவர் கணவர்.’ ஆபீசுக்கு லீவு எழுதுகிற மாதிரிதான் இருந்தது. வேறு மாதிரி எழுதத் தெரியாது. அனுப்பினார்.

உடனே பதில் வந்தது.

‘படம்?’

அடுத்த ஆள்: ‘படம் எங்க?’

அதற்கடுத்தவன் வெறும் கேள்விக்குறி போட்டிருந்தான். இன்னொருவன், ‘நாலக்கா, வாதத்துல தோத்துட்டா இப்படி எல்லாமா இறங்குவீங்க?’ என்று எழுதிப் பல்லைக் காட்டும் பொம்மை ஒன்றையும் ஒட்டியிருந்தான்.

செத்தவளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறார்களா? போனைக் கட்டிலில் வீசினார். பிறகுதான் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. புதுப் பாகம் வருகிறது, இதோ வருகிறது, என் சித்தப்பா கம்பெனியில் வேலை செய்கிறார் என்று வருஷக்கணக்காகப் புளுகு கேட்டுக் கேட்டு நொந்துபோன கூட்டம் அது. அதனால் அங்கே ஒரு சட்டம். எந்தச் சேதி வந்தாலும் எல்லாரும் வரிசையில் நின்று ‘படம்?’ என்று கேட்பார்கள். படம் இல்லாத சேதி, சேதியே இல்லை. சொல்லிவிட்டு அவளே ஒருநாள், “உங்களுக்குப் பிரமோஷன்னு சொல்றீங்க, படம் எங்க?” என்று அவரிடம் கை நீட்டியிருக்கிறாள்.

போனை எடுத்து அவள் படத்தைத் தேடினார். ஆட்டுக்குட்டி, ஆட்டுக்குட்டி, ஆட்டுக்குட்டி. ஆடு பாறையில், ஆடு பனியில், ஆடு பள்ளத்தில். நடுநடுவே அவர் சோபாவில் வாயைப் பிளந்து தூங்குகிற படங்கள். அவளை யார் படம் எடுத்தார்கள்? இவர்தான் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

முன்னறைக்குப் போனார். அவர்களுடைய கல்யாணப் போட்டோவில் அவர் பாதியை மறைத்து, அவள் அண்ணனான மச்சான் சட்டம் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார். அதில் இருந்த பெண்ணுக்கு இந்தக் குரூப்பில் யாரையும் தெரியாது. அவளைக் கிடத்தியிருந்த கட்டிலருகே குனிந்து அவள் வலது கையை மட்டும் படம் பிடித்தார். தூங்குகிற கை மாதிரி இருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் பொத்தானை அமுக்கி அமுக்கிக் காய்த்துப்போன இடம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவர், மனசு கேட்காமல் அழித்துவிட்டார்.

“என்ன மாப்ள பண்றீங்க?” என்றார் மச்சான் தாழ்ந்த குரலில். “நாலு பேர் பாக்கறாங்க.”

“அவளுக்குத் தெரிஞ்சவங்க கேக்கறாங்க மச்சான்.”

“அவளுக்கு யாரைத் தெரியும்? வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை. பாவம், பொழுது போகாம பொம்மை விளையாடிக்கிட்டுக் கிடந்தா.”

சண்டை போடுகிற நாள் இல்லை என்பதால் அவர் நகர்ந்துவிட்டார். உள்ளறையில் டிவிக்கு முன்னால் அந்த ஸ்டூல் கிடந்தது. ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டை மாற்றியபோது, லிஃப்ட்காரன் உட்காரும் மடக்கு ஸ்டூலைத் தூக்கி எறியப்போனார்கள். அதை வாங்கிவந்து, கால் அறுத்துக் குட்டையாக்கி, மெத்தை தைத்து அவளுக்குக் கொடுத்தார். அதில் உட்கார்ந்துதான் விளையாடுவாள். வந்தவர்கள் அதன்மேல் கைப்பைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு பையாக எடுத்துத் தரையில் வைத்தார். ஸ்டூலைத் துடைத்தார். ஆள் இல்லாத ஸ்டூலையும் அணைந்த டிவியையும் ஒரு படம் எடுத்து அனுப்பினார்.

இந்தத் தடவை பதில் உடனே வரவில்லை. குரூப்பில் யாரோ எழுதுவதும் நிறுத்துவதுமாக மேலே ஒரு வரி வந்து வந்து போனது. கடைசியில் ஒரிஜினல் எழுதினான்.

‘அது அக்காவோட ஸ்டூல்.’

கொஞ்ச நேரம் கழித்து, ‘லிஃப்ட் மாமா, நீங்களா?’

லிஃப்ட் மாமா. முகம் தெரியாத ஊரில் தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அவள் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறாள். சொல்லியிருக்கிறாள், படம் காட்டியிருக்கிறாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘ஆமாம் தம்பி’ என்று எழுதினார்.

‘எப்ப எடுக்கறீங்க மாமா?’

‘மத்தியானம்.’

‘நான் இருக்கற இடத்துலேருந்து கிளம்பினா நாளைக்குக்கூட வந்து சேர முடியாது மாமா. மன்னிச்சிருங்க.’

மற்றவர்களும் அதையேதான் எழுதினார்கள். ஒருவன் கப்பலில் இருந்தான், ஒருத்தி பிள்ளை பெற்று வாரம்கூட ஆகவில்லை. ஒவ்வொருவரும் உலகத்தின் ஒரு மூலையில் இருந்தார்கள். பக்கத்தில் என்று யாரும் இல்லை. அவர் கொழுந்தியாள் மாட்டிவிட்டுப் போன சட்டைக்கு மாறி, போனை அதன் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டி வந்தது. தெரு குறுகல் என்பதால் முனையிலேயே நின்றது. தூக்கிக்கொண்டு போனார்கள். சொல்ல என்ன இருக்கிறது? எல்லா வீட்டிலும் நடப்பதுதான். திரும்பும்போது வண்டியில் மச்சான் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, “ஒரு தொந்தரவு கொடுக்காம போயிட்டா” என்றார். அதுவும் அவர் நல்லதற்குச் சொன்னதுதான்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கொழுந்தியாள் மட்டும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள்.

“நான் வேணா இருக்கட்டுமா மாமா?”

“பிள்ளைங்க தேடும். போய்ட்டு வாம்மா.”

“சாப்பிடுங்க. சாப்பிடாம படுத்துராதீங்க.”

கதவைச் சாத்தியதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. மோட்டார் நின்றுபோன கட்டடத்தில் இப்படித்தான் இருக்கும். தன் செருப்புச் சத்தமே தனக்குக் கேட்கும். சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர் நாற்காலி கொஞ்சம் தள்ளி இழுத்துப் போட்டபடி இருந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. போனை எடுத்தார்.

குரூப்பில் மறுபடியும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ஆடு திரும்பலாமா கூடாதா. அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுக்க முடியாதா இவர்களுக்கு? எழுதப்போன விரல், எழுதியது யார் என்று பார்த்து நின்றது. நடுவானத்தில் திரும்பத்தான் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவன் ஒரிஜினல். அவனுக்கு எதிராக ஊரே நின்றது.

‘இன்னிக்கு அக்கா கட்சியில நான் பேசறேன்’ என்று மேலே எழுதியிருந்தான். ‘அந்தப் பக்கம் ஆள் இல்லாம இருக்கக்கூடாது.’

பேசத்தான் தெரியவில்லை. தடுமாறினான். அவள் ஒரே போடாகப் போடுவதை இவன் வளைத்து வளைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டிருந்தான். அவருக்குப் பொறுக்கவில்லை.

‘தம்பி, அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்’ என்று எழுதினார். ‘லிஃப்ட் மேலே போகும்போது கீழ் மாடிப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று. போகிற பக்கம் போய் முடித்துவிட்டுத்தான் திரும்பும் என்றேன். அதனால்தான் உங்கள் லிஃப்டில் யாரும் ஆசையாக ஏறுவதில்லை, அவசரத்துக்கு ஏறுகிறார்கள் என்றாள்.’

குரூப்பில் சிரிக்கிற பொம்மைகளும் அழுகிற பொம்மைகளும் கலந்து கொட்டின. ‘அக்காவேதான்’ என்றான் ஒருவன். ‘இதுக்கு என்னத்தைப் பதில் சொல்றது?’ என்றாள் இன்னொருத்தி. அவருக்குத் தெரியாமலேயே உதட்டில் சிரிப்பு வந்திருந்தது. அவள் ஜெயித்துவிட்டாள். எதிர் நாற்காலியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

ஒரிஜினல் தனியாக எழுதினான். ‘மாமா, ஒண்ணு கேக்கணும். நேத்து நான் பனிமலையைப் பத்திக் கேட்டேன். அங்க பாறையெல்லாம் நேர்வரிசையில இருக்கு. திரும்பவேண்டிய அவசியமே இல்ல. அப்புறம் எதுக்கு அங்க திரும்பற வசதின்னு. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, நாளைக்குச் சொல்றேன்னாங்க. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?’

நேற்று. நேற்றுச் சாப்பிடும்போது பனி என்று என்னவோ சொன்னாள். கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் அப்போது மறுநாள் மாற்ற வேண்டிய லிஃப்ட் கம்பிவடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ம் என்றார். அவள் முகம் ஞாபகம் இருந்தது, கரண்டி ஞாபகம் இருந்தது. சொன்னது மட்டும் எவ்வளவு முட்டிப் பார்த்தும் வரவில்லை.

‘தெரியவில்லை தம்பி’ என்று எழுதினார்.

‘பரவால்ல மாமா. யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு வந்து கேக்கறேன்.’

அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். டிவியைப் போட்டார். கேம் பெட்டியின் பொத்தானை எங்கெங்கோ தடவிக் கண்டுபிடித்தார். பழைய பாட்டு ஒன்று மெல்லத் தொடங்கி, அவள் நேற்று விட்ட இடம் திரையில் வந்தது. பனிமலை. சரிவான பாறையின் விளிம்பில் ஒற்றைக் கொம்பு ஆட்டுக்குட்டி நின்றுகொண்டிருந்தது. எதிரே அடுத்த பாறை. நடுவில் ஒன்றுமில்லை.

கன்ட்ரோலரைக் கையில் எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். நாலு பொத்தான்கள் இருந்தன. இத்தனை வருஷம் சோபாவில் இருந்து பார்த்திருக்கிறார். தாவுவதற்கு எது என்று தெரியாது. ஒன்றின்மேல் விரலை வைத்தார். அமுக்கவில்லை.

ஆடு கொஞ்ச நேரம் காத்திருந்தது. காதை ஒரு தடவை உதறியது. பிறகு தலையைத் திருப்பி அவர் பக்கம் பார்த்துவிட்டு, முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, விளிம்பிலேயே படுத்துக்கொண்டது. பனி அதன் முதுகில் விழ ஆரம்பித்தது.