டேஷ்போர்டு கழற்றிய சனிக்கிழமை

இன்னாசியம்மாள் அன்றைக்குக் காப்பிகூடக் குடிக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாகத் தையல் மிஷின் டிராயரைத் திறந்து, நூல்கண்டு, கத்தரி, மிஷின் எண்ணெய், சிவப்புத் துணித் துண்டுகள் என்று கைக்கு வந்ததையெல்லாம் ஒரு முறத்தில் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் கார் நின்றிருந்தது. அதன் மூக்கு அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. இரு, உன்னை இன்றைக்குப் பிரித்து மேய்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அது கறுப்புச் சீமைக் கார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. நாலைந்து கை மாறி, தை மாதத்தில் அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸிடம் வந்து சேர்ந்தது. குளிர் தேசத்துக்காரன் செய்த கார் இல்லையா, உட்கார்ந்திருப்பவர்கள் காலுக்குச் சூடு வருவதற்கு உள்ளேயே ஒரு ஏற்பாடு வைத்திருந்தான். டேஷ்போர்டில் ஒரு குமிழ். சிவப்புப் பக்கம் திருப்பினால் சூடு, நீலப் பக்கம் திருப்பினால் வெளிக்காற்று. தை மாதப் பனியில் அந்தச் சூடு எல்லோருக்கும் சுகமாகத்தான் இருந்தது. சித்திரை பிறந்ததும் குமிழை நீலப் பக்கம் திருப்பினார்கள். அப்போதும் சூடுதான் வந்தது. நல்லம்பள்ளி வெயிலில், கண்ணாடியை இறக்கிவிட்டாலும், இட்லிப் பானைக்குள் உட்கார்ந்து போவது மாதிரி இருந்தது.

இதில் மாட்டிக்கொண்டது டாக்டரம்மா ராஜாமணி. தர்மபுரியில் இருந்து திங்கட்கிழமை தோறும் மருந்துப் பெட்டியோடு பாலக்கோட்டுப் பக்கம் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிறவர். ஸ்தனிஸ்லாஸின் காருக்கு நிலையான வாடகை என்றால் அந்த ஒன்றுதான். போன திங்கட்கிழமை பாலக்கோட்டில் இறங்கும்போது அவர் முதுகில் சேலை ஒட்டிக்கிடந்ததாம். கோபப்படாமல், மெதுவாகத்தான் சொன்னாராம். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் குப்புராஜின் காரைச் சொல்லிவிடுகிறேன் என்று. குப்புராஜ் தர்மபுரி கார் ஸ்டாண்டில் பீடி பிடித்துக்கொண்டு அந்த வார்த்தைக்காகவே காத்திருக்கிறவன்.

அந்த வாடகை போனால் காரை வைத்துக்கொள்ள முடியாது. கார் போனால் ஸ்தனிஸ்லாஸ் மறுபடியும் நஞ்சப்பனின் லாரிக்குத்தான் போக வேண்டும். பம்பாய் லைனில் ஒரு டிரைவர் இடம் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொல் என்று நஞ்சப்பன் ஆள் அனுப்பியிருந்தார். லாரி என்றால் என்ன என்று இன்னாசியம்மாளுக்குத் தெரியும். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கிளம்பினால், நாற்பது நாள் கழித்துக் குருத்தோலை ஞாயிறுக்கு வந்தால் உண்டு. வந்த நாளில் அவள் விருந்தாளிக்குச் சமைப்பது மாதிரி சமைப்பாள். அவன் துவைத்த வேட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கேட்டு எடுத்துக் கட்டுவான். இந்த நாலு மாதமாகத்தான் அவன் கேட்காமல் எடுத்துக் கட்டுகிறான்.

மெக்கானிக் மாதுவிடம் வியாழக்கிழமையே காட்டியாகிவிட்டது. அவன் பானெட்டைத் திறந்து, எஞ்சினில் இருந்து உள்ளே போகிற சுடுதண்ணீர்க் குழாய் இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துவிட்டான். ஒரு கைப்பிடி சூடு குறைந்தது. ஆனால் எஞ்சின் பக்கத்து அனல், எண்ணெய் நாற்றத்தோடு இன்னமும் வந்துகொண்டுதான் இருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு காற்றுப் பெட்டி இருக்கிறது, கோளாறு அதற்குள்தான், மொத்தத்தையும் பிரிக்க வேண்டும், ஒரு வாரம் வண்டியை விட்டுவிட்டுப் போ, ஒயர்களுக்கு நான் பொறுப்பில்லை என்று மாது கையைத் துடைத்துக்கொண்டான்.

ஒரு வாரம் என்றால் திங்கட்கிழமை போச்சு. வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நாமே கழற்றுவோம் என்றாள் இன்னாசியம்மாள். ஸ்தனிஸ்லாஸுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அவள் தண்ணீர்ச் சொம்பை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, ஒரு ரவிக்கைய பிரிச்சி நாந் தெக்கறதில்லயா? எத மொதல்ல பிரிக்கறமோ அதக் கடைசியாத் தெக்கணும். அவ்ளோதாங்க."

"ரவிக்கைக்கு ஒயர் ஓடுதா புள்ள?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியும். எனக்குப் பிரிக்கத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை கையால் ஸ்பேனரைத் தொட முடியாது. பூசை பார்த்து ஓய்ந்திருக்க வேண்டிய கடன் திருநாளில் வேலை செய்தால் கோயில் தெருவே வந்து நிற்கும். ஆகவே சனிக்கிழமை சாயங்கால மணி அடிப்பதற்குள் எல்லாம் பூட்டியாக வேண்டும்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினான் ஸ்தனிஸ்லாஸ். டேஷ்போர்டு நல்ல வழுவழுப்பான மரப்பலகை. அதில் நடுவே மீட்டர்கள், ஓரத்தில் சாமான் வைக்கிற சின்னப் பெட்டி. ஸ்க்ரூ ஒன்று வெளியே வந்ததும் அவன் அதை முறத்தில் போடப் போனான். இன்னாசியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று தலை தட்டை என்று தினுசு தினுசாக வரும். எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் பிறகு எது எங்கே என்று யாருக்குத் தெரியும்?

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. நாத்தனார் பேர் வேளாங்கண்ணி. கோயில் திருவிழாவுக்கு ஜெபமாலை கட்டுகிறவள். மணி மணியாக, முடிச்சு முடிச்சாக. அதே மாதிரி, கெட்டி நூலில் வெளியே வருகிற ஸ்க்ரூவை வருகிற வரிசையில், அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டே போனாள். ஜெபமாலையில் பத்து மணிக்கு ஒரு தடவை பரலோக மந்திரத்து மணி வருமே, அதுபோல ஒரு பாகம் முடிந்ததும் ஒரு சிவப்புத் துணி. நூலின் முதல் முனையை வாசல்கால் ஆணியில் மாட்டிவிட்டாள். மாலை கீழே வளர்ந்துகொண்டே வந்தது. திருப்பிப் பூட்டும்போது கீழ் முனையில் இருந்து அவிழ்த்துக்கொண்டே மேலே போனால் ஆயிற்று.

மீட்டர்களுக்குப் பின்னால் ஸ்தனிஸ்லாஸின் கை போகவில்லை. சீட்டின் மேல் மல்லாந்து படுத்து, தலையைக் கீழே விட்டு, இன்னாசியம்மாளே கையை நுழைத்தாள். மண்ணும் துருவும் கண்ணில் கொட்டின. ஸ்பீடாமீட்டர் கேபிளின் மூடி விரலுக்குத் தட்டுப்பட்டதும், ஊசியில் நூல் கோத்த மாதிரி ஒரு சந்தோஷம். ஒவ்வொரு ஒயரையும் பிடுங்குமுன் ஒயருக்கு ஒன்று, அது இருந்த இடத்துக்கு ஒன்று என ஒரே துணியில் கிழித்த இரண்டு துண்டைக் கட்டினாள். பூப்போட்டது பூப்போட்டதோடு, கட்டம் கட்டத்தோடு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கார் வளைகாப்புக்குத் தயாராகிறதா என்று ஒருத்தர் கேட்டுவிட்டுப் போனார். இன்னாசியம்மாளுக்குக் காதில் விழுந்தது. பதில் சொல்ல நேரமில்லை.

உச்சி வெயிலில் பலகை அசைந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சின்னக் குழந்தையைத் தொட்டிலில் இருந்து தூக்குவதுபோல் தூக்கித் திண்ணையில் சாய்த்தார்கள். உள்ளே, மாது சொன்ன காற்றுப் பெட்டி தெரிந்தது. அதையும் ஒன்பது ஸ்க்ரூ பிடித்திருந்தது. அதுவும் மாலையில் ஏறியது. இன்னாசியம்மாள் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

பெட்டி நிறைய எலிக்கூடு. ஏற்காட்டு எலி கட்டியது. காப்பிக்கொட்டைத் தோல், பஞ்சு, கிழிந்த கடுதாசி, துரைசாணியின் வெள்ளைக் கையுறையில் ஒரு விரல். பெட்டிக்குள் ஒரு தகடு, கதவு மாதிரி. அது ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிக்காற்று வரும், மறுபக்கம் சாய்ந்தால் எஞ்சின் பக்கத்துச் சூடு வரும். தகட்டைச் சூட்டுப் பக்கமே நிற்கும்படி கூடு முட்டுக் கொடுத்திருந்தது. குமிழில் இருந்து தகட்டுக்கு வருகிற கம்பியும் அறுந்து கிடந்தது. வெளியே யார் குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன?

ஸ்தனிஸ்லாஸ் சைக்கிள் கடைக்கு ஓடி ஒரு பிரேக் கம்பி வாங்கிவந்தான். இன்னாசியம்மாள் பெட்டியைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தகட்டின் கீலுக்கு மிஷின் எண்ணெய் விட்டாள். பெட்டியின் ஓரமெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினாள். விரலால் தள்ளிப் பார்த்தால் தகடு டப் என்று இந்தப் பக்கம், டப் என்று அந்தப் பக்கம். அந்தச் சத்தத்துக்காகவே பத்துத் தடவை தள்ளிப் பார்த்தாள். மணி மூன்றரை இருக்கும். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஓடியே வாசலுக்கு வந்தாள்.

வாசல்கால் ஆணியில் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு முனை இல்லை. வட்டமாகத் தொங்கியது.

இதற்குள் வந்து படியில் உட்கார்ந்திருந்த வேளாங்கண்ணி மணி கோத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். முனை இரண்டும் அப்படியே விட்டுக் கிடந்ததாம். ஜெபமாலையை அப்படிப் போடலாமா என்று, போகிற போக்கில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பியும்விட்டாளாம். அவள் முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. கை தானாகச் செய்துவிட்டது. ஸ்க்ரூ என்பதே முடிச்சுப் போட்ட பிறகுதான் உறைத்ததாம்.

இன்னாசியம்மாள் மாலையைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். முப்பத்தெட்டு ஸ்க்ரூ, அதற்குத் தக்க முடிச்சு, நடுவே சிவப்புத் துணிகள். எது முதல், எது கடைசி? எந்தப் பக்கம் சுற்றினாலும் மாலை மாலைதான். தோராயமாகப் பூட்டிப் பார்க்கலாம் என்றான் ஸ்தனிஸ்லாஸ். நெட்டை ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் போட்டால் ஒயரைக் குத்தும் என்று அவனே அடுத்த மூச்சில் சொன்னான். பிறகு அவன் நஞ்சப்பன் ஷெட் இருக்கிற திசையைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் இன்னாசியம்மாளைச் சுட்டது.

"அண்ணி, நீங்க போட்ட முடிச்சு எதுன்னு தெரியுமா?"

வேளாங்கண்ணிக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏ இன்னாசி, எம் முடிச்சு எனக்குத் தெரியாதா? கொண்டா இப்படி."

மாலையை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு முடிச்சாக விரல் நகர்ந்தது. உதடும் நகர்ந்தது. கை பழகிய பழக்கம், ஸ்க்ரூவுக்கு ஒரு அருள்நிறை மந்திரமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். வேகமாகத் தடவுங்கள் என்று சொல்ல இன்னாசியம்மாளுக்கு நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். இருபது, இருபத்தொன்று. ஸ்தனிஸ்லாஸ் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். இருபத்தாறாவது ஸ்க்ரூவைத் தாண்டியதும் விரல் நின்றது.

"இதான். மத்ததெல்லாம் உங் கை, ஒத்தைச் சுத்து. எங் கை மூணு சுத்து."

இன்னாசியம்மாள் கத்தரியைக் கொண்டுபோனாள். வேளாங்கண்ணி கையைத் தட்டிவிட்டாள். "அறுத்துடாத. ஆணியில மாட்டியிருந்த முனை நேரா நிக்கும். தொங்குன முனையத்தான் அது மேல சுத்துவன். எப்பவும் அப்படித்தான். பாரு, சுத்தி இருக்கறது இந்தப் பக்கம். உனக்குக் கடைசி இதுதான்."

வேளாங்கண்ணி படியில் உட்கார்ந்து கடைசியில் இருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுக்க, இன்னாசியம்மாள் வாங்கி நீட்ட, ஸ்தனிஸ்லாஸ் பூட்டினான். பெட்டி உட்கார்ந்தது. ஒன்பது ஸ்க்ரூவும் தன் தன் ஓட்டையில் சொல்லிவைத்ததுபோல் இறங்கியது. பலகை ஏறியது. பூப்போட்டது பூப்போட்டதைச் சேர்ந்தது, கட்டம் கட்டத்தைச் சேர்ந்தது. கடைசி ஸ்க்ரூ பலகையின் ஓரத்தில் இறங்கி நின்றபோது கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை. முதல் தடவை சாவியைத் திருப்பியதும் ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரி ஒயரை மாட்டவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தொப்பூர் ரோட்டில் மூன்று பேருமாகப் போனார்கள். இன்னாசியம்மாள் முன்சீட்டில், டாக்டரம்மா உட்காருகிற இடத்தில். குமிழை நீலப் பக்கம் திருப்பினாள். டப் என்றது. கால் மாட்டில் காற்று வந்தது. வயல்காட்டுக் காற்று, ஈரமண் வாசனையோடு. புடவைக் கரை படபடத்தது. அவளுக்குச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. பின்சீட்டில் நாத்தனார் இருந்ததால் கத்தவில்லை. சிவப்புப் பக்கம் திருப்பி, மறுபடி நீலப் பக்கம் திருப்பி, திரும்பி வரும் வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தாள். கம்பி தேய்ந்துபோகும் என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்லிப் பார்த்தான்.

ஆனாலும் காற்று வந்தது அவளுக்கு. வர வேண்டியது டாக்டரம்மாவுக்கு.

திங்கட்கிழமை அவளுக்கு ஒரு தையலும் ஓடவில்லை. ஒருவருக்குத் தைத்த ரவிக்கையில் இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டுப் பிரித்தாள். வெயில் ஏற ஏற, இப்போது பாலக்கோடு, இப்போது அதற்கு அந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டாள். ஐந்து மணிக்குக் கார் சத்தம் கேட்டது. ஓடிவந்து நின்றாள். ஸ்தனிஸ்லாஸ் இறங்கி, வேண்டுமென்றே நிதானமாகக் கதவைச் சாத்தினான்.

"என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"பாலக்கோட்டுல ஏறுனாங்க. ரெண்டு மைல் போறதுக்குள்ள தூங்கிட்டாங்க. தர்மபுரி வந்து நாந்தான் எழுப்புனன். எந்திரிச்சி, ஆடி மாசம் வரைக்கும் எல்லாத் திங்கக்கெழமையும் நம்ம வண்டியே வந்துடட்டும்னாங்க. குப்புராஜு பக்கத்துலயேதான் நின்னான்."

இன்னாசியம்மாள் அதற்கு மேல் நிற்கவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட எடுக்காமல், விறுவிறு என்று நஞ்சப்பனின் லாரி ஷெட்டுக்கு நடந்தாள். பின்னாலிருந்து ஸ்தனிஸ்லாஸ், நான் போய்ச் சொல்கிறேன் இரு என்று கூப்பிட்டது கேட்டது. அவள் காதில் வாங்கவில்லை. நஞ்சப்பன் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பம்பாய் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும், என்னம்மா, அவன் துணிமணி எடுத்து வெச்சிட்டானா என்றார்.

"அவரு வரமாட்டாருங்க," என்றாள் இன்னாசியம்மாள், மூச்சு வாங்க. "வேற டிரைவரப் பாத்துக்குங்க. அவருக்குத் திங்கக்கெழமையெல்லாம் வேலை இருக்குதுங்க."